முறுக்கோடு ஒரு நீண்ட போராட்டம்: பழைய சொகுசுக் கார்களின் சேஸிஸ் விறைப்பு

1920களில் ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திடம் பணம் கட்டினால் அவருக்குக் கிடைத்தது சேஸிஸ் மட்டுமே. இரண்டு நீண்ட எஃகு விட்டங்கள், அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்கள், எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில்கள், ரேடியேட்டர் என்ற அளவில் டெர்பி தொழிற்சாலையின் வேலை முடிந்துவிடும். மேலே வரும் கூண்டை ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு போன்ற பட்டறைகள் வாடிக்கையாளர் விருப்பப்படி கட்டித் தந்தன. ஒரே சேஸிஸின் மேல் ஒருவர் இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டியைக் கேட்பார். இன்னொருவர் ஏழு இருக்கை லிமோசினைக் கேட்பார். சேஸிஸை வரைந்த பொறியாளருக்கு அதன் மேல் என்ன வந்து உட்காரும் என்று தெரியாது. கூண்டு தோள் கொடுக்கும் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவும் முடியாது. வண்டிக்கு வேண்டிய விறைப்பு முழுவதையும் தரையை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சட்டகமே தந்தாக வேண்டும். பழைய சொகுசுக் கார்களின் சேஸிஸை விறைப்பாக்க நடந்த முயற்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த வணிக ஏற்பாடு இருக்கிறது.

விறைப்பையும் வலிமையையும் முதலில் பிரித்துக்கொள்வோம். உடையாமல் தாங்குவது வலிமை. பாரம் ஏறும்போது உருமாறாமல் நிற்பது விறைப்பு. நிக்கல் கலந்த உயர்ரக எஃகைப் போட்டால் வலிமை கூடும். விறைப்பு அப்படியே இருக்கும். எஃகு எந்த ரகமானாலும் அதன் மீள்தன்மைக் குணகம் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். ஆகவே விறைப்பைத் தேடுகிறவர் உலோகத்தின் ரகத்தை விட்டுவிட்டு அதன் வடிவத்தையும் அளவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

விறைப்பிலும் இரண்டு உண்டு. நடுவில் பாரம் வைத்தால் சட்டகம் கீழே தொய்வது வளைவு. இடது முன்சக்கரம் மேட்டிலும் வலது முன்சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது சட்டகம் ஒரு முனைக்கு எதிராக மறுமுனை திருகிக்கொள்வது முறுக்கு. பழைய சட்டகங்கள் வளைவை ஓரளவு நன்றாகவே எதிர்த்தன. முறுக்கின் முன்னால்தான் அவை தோற்றன. கதவு சரியாக மூடாமல் போவது, கண்ணாடி விரிசல் விடுவது, முன் தடுப்புச் சுவர் அதிர்வது, மரச் சட்டங்களின் மூட்டுகள் கிறீச்சிடுவது, வேகத்தில் ஸ்டியரிங் கையில் நடுங்குவது ஆகிய புகார்களைத் துருவிப் போனால் பெரும்பாலும் முறுக்கில்தான் போய் நிற்கும்.

காரணம் சேனல் என்று பட்டறைகளில் சொல்லப்படும் வடிவம். மூன்று பக்கம் மூடி, நான்காவது பக்கம் திறந்த விட்டம். எஃகுத் தகட்டை அழுத்தி அதை உருவாக்குவது எளிது. ஸ்பிரிங் தாங்கிகளையும் கிராஸ் மெம்பர்களையும் உள்ளே கைவிட்டு ரிவெட் அடிக்கலாம். ஆனால் முறுக்குக்கு அது ஏறக்குறைய எதிர்ப்பே காட்டாது. முழு மூங்கிலை இரு கைகளால் பிடித்துத் திருகிப் பாருங்கள், அசையாது. அதே மூங்கிலில் நீளவாட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டுத் திருகினால் கையோடு வந்துவிடும். ஒரு சிறு கணக்குப் போட்டால் வித்தியாசத்தின் அளவு தெரியும். 150 மில்லிமீட்டர் உயரம், 50 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு சேனலை எடுத்துக்கொள்வோம். அதன் திறந்த பக்கத்தை அதே தடிமன் தகட்டால் மூடிப் பெட்டியாக்கினால் எடை சுமார் 60 சதவீதம் கூடும். வளைவு விறைப்பு சுமார் 30 சதவீதம் கூடும். முறுக்கு விறைப்போ 350 மடங்குக்கும் மேல் கூடும். எடைக்குக் கிடைக்கும் இப்படியொரு லாபம் கட்டமைப்புப் பொறியியலில் அபூர்வம். ஆனால் முழுச் சட்டகத்துக்கும் இந்த லாபம் அப்படியே வந்துவிடாது. ஏன் வராது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முதல் தலைமுறைப் பொறியாளர்கள் முறுக்கை எதிர்க்கவே முயலவில்லை. அதை ஏற்றுக்கொண்டு, அதனால் வரும் சேதத்தைத் தவிர்க்க வழி தேடினார்கள். 1907 வாக்கில் புகழ்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் அந்த எண்ணத்தின் உச்சம். சட்டகம் திருகும்போது எஞ்சினின் அலுமினிய உறை விரிசல் விடக்கூடாது என்பதற்காக எஞ்சினை மூன்று புள்ளிகளில் தாங்க வைத்தார்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்ற அதே தத்துவம். ஹென்றி ராய்ஸின் கவனம் மூட்டுகளில் இருந்தது. முக்கியமான இணைப்புகளில் ரிவெட்டுக்குப் பதிலாக, கூம்பாக ரீமர் போட்ட துளைகளில் கூம்பு போல்ட்டுகளை இறுக்கினார்கள். துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே இம்மியளவும் இடம் இல்லாததால் மூட்டு நழுவாது, நாளடைவில் தளராது. இந்த ஒன்றைப் பற்றி எவ்வளவு பாராட்டினாலும் தகும் என்பது என் எண்ணம். நூறு ஆண்டு கடந்தும் அந்தச் சேஸிஸ்கள் கலகலக்காமல் ஓடுவதில் இந்தப் போல்ட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

கூண்டு கட்டுபவர்களும் சட்டகத்தின் நெளிவுக்கு ஒத்துப்போகும் வழியைத் தேடினார்கள். பிரான்சில் வாழ்ந்த சார்லஸ் வெய்மான் 1920களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறையில் மரச் சட்டங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. எஃகுப் பட்டைகள் மட்டும் அவற்றைச் சிறு இடைவெளியோடு இணைக்கும். மேலே தகட்டுக்குப் பதிலாகத் தோல் போன்ற துணி. சேஸிஸ் நெளிந்தால் கூண்டும் சேர்ந்து நெளியும், சத்தம் வராது. பென்ட்லி சேஸிஸ்கள் பலவற்றின் மேல் இந்தத் துணிக் கூண்டுகள் ஏறின. தீர்வு புத்திசாலித்தனமானது. ஆனால் கூண்டு சேஸிஸுக்குக் கொஞ்சம் நஞ்சம் கொடுத்துவந்த விறைப்பும் அதோடு போய்விட்டது.

இந்தச் சமரசத்தை 1920களின் நடுவில் வந்த சில முன்னேற்றங்களே கலைத்தன. முன்சக்கரங்களுக்கு பிரேக் வந்தது. சில்வர் கோஸ்ட்டில் 1924 வாக்கில். அதுவரை முன் ஆக்சில் பாரத்தை மட்டும் தாங்கியது. இப்போது பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது ஸ்பிரிங் பட்டைகளைச் சுழற்றி, சட்டகத்தின் முன்முனைகளைப் பிசைந்தது. அடுத்து பலூன் டயர் என்று பெயர் பெற்ற, குறைந்த காற்றழுத்தமுள்ள பெரிய டயர்கள். பயணம் மெத்தென்று ஆனது. கூடவே ஷிம்மி என்ற நடுக்கமும் வந்தது. முன் ஆக்சிலின் ஒரு முனை ஏறி மறுமுனை இறங்கும்போது, சுழலும் சக்கரங்கள் பம்பரத்தின் இயல்புப்படி ஸ்டியரிங் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பம் ஆக்சிலை மறுபடி ஆட்டும். இந்தச் சுழலுக்கு முறுக்கில் இளகிய சட்டகம் ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக உதவியது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் பட்டையை அடக்கும். சட்டகத்தின் நெளிவை அடக்க எதுவும் இல்லை.

இதற்கு முதலில் தோன்றிய பதில் உலோகத்தைக் கூட்டுவது. அமெரிக்காவில் 1928 இறுதியில் வெளியான டூசன்பர்க் மாடல் ஜே காரின் பக்க விட்டங்கள் எட்டரை அங்குல உயரம்; தடிமன் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர். இங்கிலாந்தில் 1930இல் வந்த பென்ட்லி 8 லிட்டர், முன்னும் பின்னும் தாழ்ந்து வளைந்த கனமான விட்டங்களையும் பருத்த குழாய் வடிவக் கிராஸ் மெம்பர்களையும் கொண்டிருந்தது. குழாய் மூடிய வடிவம் என்பதால் முறுக்கைத் தாங்கும், டபிள்யூ. ஓ. பென்ட்லியின் பொறியாளர்கள் சரியான திசையில் ஓரடி வைத்திருந்தார்கள். அந்தக் காரில் 100 மட்டுமே செய்யப்பட்டன. அதற்குள் நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸின் கைக்குப் போனது. பந்தயத்துக்குப் போன பென்ட்லிகளில் சட்டகத்தின் அடியில் இழுகம்பிகள் கட்டியிருப்பதைப் படங்களில் காணலாம். பழைய மர ரயில் பெட்டிகளின் அடியில் இருந்த கம்பிகளின் வேலைதான் அவற்றுக்கும். அவை தொய்வைத் தடுக்கும், முறுக்குக்குப் பெரிதாக உதவாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, இழுகம்பி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு.

உண்மையான திருப்பம் வடிவத்தில் வந்தது. 1929இல் ஆபர்ன் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஹெர்பர்ட் ஸ்னோ, கார்டு எல்-29 காரின் சட்டகத்துக்குள் பெருக்கல் குறி வடிவத்தில் இரண்டு விட்டங்களைக் குறுக்கே போட்டார். அது முன்சக்கர இயக்கக் கார். பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லாததால் நடுவில் தாராளமாக இடம் கிடைத்தது. அமெரிக்கக் கார்களில் இந்த வடிவம் இதில்தான் முதலில் வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பெருக்கல் குறி எப்படி வேலை செய்கிறது? சாதாரண ஏணிச் சட்டகத்தை முறுக்கினால் அதன் ஒவ்வொரு விட்டமும் தனக்குத்தானே திருகிக்கொள்கிறது. அது சேனலின் பலவீனமான பக்கம். ஆனால் மூலைக்கு மூலை போகும் விட்டம் திருக வேண்டியதில்லை. சட்டகத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டும் மேலே போகும்போது அவற்றை இணைக்கும் விட்டம் நடுவில் கீழ்நோக்கி வளையப் பார்க்கும். மற்ற விட்டம் மேல்நோக்கி வளையப் பார்க்கும். இரண்டும் நடுவில் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் ஒன்றையொன்று தடுக்கும். சேனலின் பலமே வளைவை எதிர்ப்பதுதான். முறுக்கை வளைவாக மாற்றி, பலமான பக்கத்தில் அதைச் சந்திக்கும் இந்த யோசனை எனக்குக் கணிதத் தேற்றம் ஒன்றின் அழகோடு தோன்றுகிறது. நிபந்தனை ஒன்றுண்டு: நடு மூட்டு வளைவு விசையைத் தொடர்ச்சியாகக் கடத்த வேண்டும். அங்கே நெகிழ்ந்தால் இரண்டு விட்டங்களும் வெறும் எடைதான். பின்சக்கர இயக்கக் கார்களில் ஷாஃப்ட் அந்த நடு மூட்டின் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், அந்த இடத்தை வடிவமைப்பது பெரும் தலைவலியாக இருந்தது.

இதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு நெருக்கடி. 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் எஞ்சினை ரப்பர் மெத்தைகளில் உட்கார வைத்து அதிர்வைக் குறைத்தது. மற்றவர்களும் அந்த வழியில் வந்தார்கள். அதுவரை சட்டகத்தோடு இறுக்கிப் பூட்டிய எஞ்சின், பல கார்களில் தானே ஒரு பெரிய கிராஸ் மெம்பராக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ரப்பர் வந்ததும் அந்த வேலையை அது விட்டுவிட்டது. புகாட்டி டைப் 57 இதற்கு நல்ல சாட்சி. முதலில் வந்த கார்களில் எஞ்சின் சட்டகத்தோடு நேராகப் பூட்டப்பட்டிருந்தது. 1936இல் ரப்பர் தாங்கிகளுக்கு மாறியபோது சட்டகத்துக்குக் குறுக்கு வலுவூட்டலும் சேர்க்க வேண்டி வந்தது. சொகுசைக் கூட்டிய ஒவ்வொரு முன்னேற்றமும் சட்டகத்திடமிருந்து ஒரு துணையைப் பறித்தது, அல்லது ஒரு பாரத்தைக் கூட்டியது. இந்தத் துறையின் முப்பது ஆண்டு வரலாற்றை இந்த நோக்கில் படித்தால் பல மாற்றங்களின் காரணம் தானாகப் புரியும்.

அவற்றில் பெரியது தனித்தனி முன் சஸ்பென்ஷன். இதில் மறக்க முடியாத பெயர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸின் அமெரிக்கக் கிளையான ஸ்பிரிங்ஃபீல்டில் பணியாற்றியவர். 1930இல் காடிலாக்குக்குப் போனார். பயணச் சுகத்தைச் செவிவழி அபிப்பிராயமாக விடாமல் அளவிடத்தக்க ஒன்றாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். எடைகளை முன்பின் நகர்த்தக்கூடிய ஒரு சோதனை லிமோசினை வைத்துக்கொண்டு, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால்தான் பயணம் தட்டையாக இருக்கும் என்று காட்டினார். முன் ஸ்பிரிங் மென்மையாக வேண்டும் என்றால் பழைய ஆக்சில் கம்பியோடு அது சாத்தியமில்லை, ஷிம்மி தாங்காது. ஆகவே 1934 காடிலாக்குகளில் தனித்தனி முன் சஸ்பென்ஷன் வந்தது.

இதன் விளைவைச் சட்டகத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். முன்பு இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையிலான உறவை ஒரு கனமான ஆக்சில் காத்தது. சட்டகம் நெளிந்தாலும் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே நின்றன. இப்போது அந்தப் பொறுப்பு முழுவதும் சட்டகத்துக்கு வந்துவிட்டது. அது நெளிந்தால் சக்கரத்தின் கோணமே மாறும். முன்பு நீண்ட ஸ்பிரிங் பட்டைகளின் நான்கு முனைகளில் பரவிய விசைகள் இப்போது ஒரே ஒரு முன் கிராஸ் மெம்பரில் வந்து குவிந்தன. 1936இல் ரோல்ஸ் ராய்ஸின் பன்னிரண்டு சிலிண்டர் ஃபாண்டம் 3, ஜெனரல் மோட்டார்ஸ் வழியைப் பின்பற்றிய முன் சஸ்பென்ஷனோடு வந்தபோது, அதன் சட்டகம் பெட்டி வடிவ விட்டங்களும் நடுவே பெருக்கல் குறி வலுவூட்டலுமாக இருந்தது தற்செயல் இல்லை. 1938இல் வந்த ரெய்த் மாடலில் ரிவெட் போய் வெல்டிங் வந்தது.

விறைப்பைக் கூட்டாமலே நடுக்கத்தை அடக்கும் ஒரு வழியும் அப்போது இருந்தது. பம்பரின் இரு முனைகளிலும் கனமான எடைகளை, நெகிழும் தாங்கிகளில் தொங்கவிட்டார்கள். சட்டகத்தின் முன்பகுதி எந்த அதிர்வெண்ணில் முறுகி ஆடுகிறதோ அதற்கு இசைவாக அந்த எடைகள் எதிராக ஆடி அடக்கும். வில்மாட் பிரீடன் நிறுவனத்தின் இத்தகைய பம்பர்கள் 1930களின் ரோல்ஸ் ராய்ஸ்களில் பொருத்தப்பட்டன. மீட்டெடுப்பவர்கள் சிலர் இது வெறும் அலங்காரம் என்று எண்ணிச் சாதாரண பம்பரை மாட்டிவிடுகிறார்கள். பிறகு ஸ்டியரிங் ஏன் நடுங்குகிறது என்று வேறெங்கோ தேடுகிறார்கள்.

சட்டகத்தையே விட்டுவிட்டவர்களும் இருந்தார்கள். வின்சென்ஸோ லான்சியா 1922இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய லாம்ப்டா, கூண்டையே சுமைதாங்கும் எஃகு ஓடாக்கியது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஹான்ஸ் லெட்விங்கா, டட்ரா 11 காருக்கு நடுமுதுகில் ஒரே ஒரு தடித்த குழாயைப் போட்டார். வட்டக் குழாய் முறுக்குக்கு மிகச் சிறந்த வடிவம். பொறியியல் அளவுகோலில் இவர்கள் இருவரும் எல்லோரையும் முந்தியிருந்தார்கள். ஆனால் லாம்ப்டாவின் மேல் விரும்பிய கூண்டைக் கட்ட முடியாது என்ற குறை எழுந்து, பின்னாளில் அதற்கே தனிச் சேஸிஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. ரோல்ஸ் ராய்ஸ் 1965இல் சில்வர் ஷாடோவில்தான் ஓருடல் கட்டமைப்புக்கு வந்தது. தனிச் சேஸிஸோடு ஃபாண்டம் 6 அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாரானது.

இனி, இன்று இப்படி ஒரு காரை வைத்திருப்பவரின் கேள்வி: அதன் சட்டகத்தை விறைப்பாக்கலாமா? பெட்டியாக்கினால் 350 மடங்கு என்ற கணக்கைப் பார்த்ததும் வெல்டிங் இயந்திரத்தைத் தேடத் தோன்றும். அங்கேதான் கணக்கின் மறுபாதியைப் படிக்க வேண்டும். விட்டத்தின் பாதி நீளத்தை மட்டும் பெட்டியாக்கினால், மீதிப் பாதி முன்போலவே திருகிக்கொண்டிருக்கும். அந்த விட்டத்தின் விறைப்பு சுமார் இரண்டு மடங்குதான் ஆகும். அதோடு பெட்டி முடிந்து சேனல் தொடங்கும் விளிம்பில் அழுத்தம் குவிந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் விரிசல் தொடங்கும். மூடும் தகட்டின் முனையைச் சரிவாக வெட்டினால் இந்த ஆபத்து குறையும், நீங்காது. உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது வேறு. ரிவெட்டுக்காகத் தேர்ந்தெடுத்த பழைய எஃகை வெல்டிங் சூடு என்ன செய்யும் என்பது அதன் கலவையைச் சோதித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல இயலாதது.

இன்னொன்று, இன்று தளர்ந்து ஓடும் பல கார்கள் பிறக்கும்போதே அப்படி இருந்தவை இல்லை. ரிவெட்டுகள் தேய்ந்து துளைகள் நீள்வட்டமாகியிருக்கும். கிராஸ் மெம்பருக்கும் விட்டத்துக்கும் இடையே துரு புகுந்திருக்கும். ஸ்டியரிங் பெட்டி பூட்டும் இடத்திலும் ஸ்பிரிங் தாங்கியின் ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். யாரோ ஒருவர் கூண்டைப் பூட்ட விட்டத்தின் மேல் விளிம்பில் துளை போட்டிருப்பார். வளைவின் இழுவிசையும் அமுக்கமும் உச்சத்தில் இருப்பது அந்த விளிம்புகளில்தான். துளை போட வேண்டியிருந்தால் செங்குத்துத் தகட்டின் நடுவில் போட வேண்டும். இவற்றைச் சரிசெய்தாலே பழைய வரைபடத்தில் இருந்த விறைப்பு திரும்பி வரும்.

அதனால் முதல் வேலை அளப்பது. சட்டகத்தின் பின் ஸ்பிரிங் தாங்கிகளை அசையாமல் பூட்டி, முன்னால் ஒரு குறுக்குக் கம்பியை நடுவில் தாங்கி, அதன் ஒரு முனையில் தெரிந்த எடையைத் தொங்கவிட வேண்டும். விட்டத்தின் நெடுகே டயல் கேஜ்களை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு திருகியது என்று எழுதிக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் திருகல் திடீரென்று கூடுகிறதோ அங்கேதான் மூட்டு தளர்ந்திருக்கிறது. முழுச் சட்டகத்துக்கும் ஒரு டிகிரிக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஒரு எண் கிடைக்கும். இன்றைய செடான்களில் அந்த எண் 20,000ஐத் தாண்டுவது சாதாரணம். பழைய ஏணிச் சட்டகத்தில் அதன் சிறு பகுதிதான் வரும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அந்தக் காரின் ஸ்பிரிங்கும் டயரும் வேகமும் அந்த எண்ணுக்குப் பொருத்தமாக அமைந்தவை.

அளந்தபின் வரிசை இதுதான்: விரிசலை முடித்து, தளர்ந்த ரிவெட்டுகளை எடுத்து, துளையை ரீமர் போட்டுச் சரியான அளவு ரிவெட்டோ இறுக்கப் பொருத்தும் போல்ட்டோ போடுவது. அதன்பிறகும் போதாது என்றால், இருக்கிற துளைகளிலேயே போல்ட் போட்டுப் பொருத்தக்கூடிய குழாய்க் கிராஸ் மெம்பர் ஒன்றையோ குறுக்கு வலுவூட்டலையோ சேர்ப்பது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனம் கேட்பதும் இதையே: செய்யும் மாற்றம் திரும்ப எடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும், அது பதிவு செய்யப்பட வேண்டும். போல்ட் போட்ட கிராஸ் மெம்பரை நாளை ஒருவர் கழற்றிவிடலாம். விட்டம் முழுக்க ஓடிய வெல்டிங்கை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

கூண்டு பலமுறை மாறியிருக்கலாம், எஞ்சின்கூட மாறியிருக்கலாம். நிறுவனத்தின் பழைய ஏடுகளில் அந்தக் காரைத் தேடிக் கண்டுபிடிப்பது சேஸிஸ் எண்ணை வைத்துத்தான். இப்படியொரு கார் உங்கள் பொறுப்பில் இருந்தால், விறைப்பைக் கூட்டித் தருகிறேன் என்று வருபவரிடம் முதலில் அளவுத் தாளைக் கேளுங்கள். அளக்காமல் வெல்டிங் வைக்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.